வயல் பரப்பளவு டெஸ்ட் லப்டொப்பில் பாஸ், சேர்வரில் பெயில்: டொலரன்ஸ் எவ்வளவு வைப்பது?

வாவிக்கரை, மட்டக்களப்பு

எல்லாருக்கும் வணக்கம்.

போனைக் கையில் பிடித்தபடி வரம்பைச் சுற்றி நடந்தால் வயல் எத்தனை ஏக்கர், றூட், பேர்ச் (40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர்) என்று சொல்லும் அப் ஒன்றை டவுனில் நாங்கள் சின்ன டீமாகச் செய்துகொண்டிருக்கிறோம். கணக்கு முழுவதும் சேர்வரில், பைதனும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும். போனிலிருந்து வரும் அகலாங்கு, நெட்டாங்கை இலங்கை 99 (நாட்டு வரைபடத்தின் மீற்றர் கட்டம்) ஆள்கூறுகளாக மாற்றி, பிறகு மூலைகளின் ஆள்கூறுகளை வைத்துக் கணிக்கும் ஷூலேஸ் சூத்திரத்தில் பரப்பளவு எடுக்கிறோம். நம்பையில் அது ஒரே வரி: x வரிசைக்கும் ஒரு இடம் நகர்த்திய y வரிசைக்கும் டொட் பெருக்கம் (ஒத்த இடங்களைப் பெருக்கிக் கூட்டுவது), மறுபக்கமும் அப்படியே, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதி.

இதுவரை ஒரு கரைச்சலும் இல்லை. டெஸ்ட் (கோட் சரியான விடை தருகிறதா என்று தானே பார்க்கும் சோதனை) ஓடும் சேர்வரைச் செலவு குறைவென்று ஆர்ம் சிப் உள்ளதுக்கு மாற்றினோம். மாற்றியதும் மூன்று டெஸ்ட் சிவப்பு.

முதலாவது, வவுணதீவுப் பக்கத்து அரை ஏக்கர் வயல் ஒன்று, 40 புள்ளி. எதிர்பார்த்த பெறுமதி 2023.4287109375 சதுர மீற்றர். லப்டொப்பில் ஓட்டி வந்த விடையைத்தான் அப்படியே டெஸ்டில் எழுதி வைத்திருக்கிறோம். சேர்வரில் வருவது 2023.4326171875. ஒப்பிடுவது பைதன் டெஸ்ட் ஓட்டும் பைடெஸ்டின் அப்ராக்ஸ், அதன் வழமையான டொலரன்ஸில் (இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்று விடும் அளவு).

இரண்டாவது, சதுர வயல் ஒன்றின் வரம்புப் புள்ளிகளுடைய சராசரியிலிருந்து தெரிந்த நடுப்புள்ளியைக் கழித்தால் 0 வர வேண்டும். வருவது 2.3283064365386963 × 10⁻¹⁰.

மூன்றாவது காசுக் கணக்கு. நெல் வாங்கும் ஒருவருக்காகச் சேர்த்த பகுதி. எடை, விலை, ஈரப்பதம் கூடினால் கழிவு. மொத்தத்தில் ஒரு சதம் கூடுதலாக வருகிறது.

எங்கள் சீனியர் எல்லா டெஸ்டிலும் தனி வித்தியாசம் (விகிதமாக இல்லாமல், எண்ணின் பருமனைப் பார்க்காத நிலையான அளவு) 0.01 என்று போட்டுவிட்டார். எல்லாம் பச்சை. "ஜிபிஎஸ்ஸே நாலைந்து மீற்றர் பிழை காட்டும், நீ தசமத்தில் ஏழாம் இடத்தைப் பிடித்துத் தொங்குகிறாய்" என்கிறார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஆனால் மனம் ஒப்பவும் இல்லை. பெரும்போக விதைப்புக்கு முன் அப் வெளியே போக வேண்டும். டொலரன்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் தெரிவதற்கு ஒரு முறை இருக்கிறதா?

சதக்கணக்கு, கல்முனை

மூன்றாவதுக்கு மட்டும் சொல்கிறேன். காசுக்கு டொலரன்ஸே கிடையாது. ஒரு சதம் பிசகினாலும் பிழைதான், டெஸ்ட் பெயிலாகத்தான் வேண்டும்.

சதத்தை முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்திலேயே கணக்குப் பார்க்கும் பைதனின் டெசிமலைப் பாவியுங்கள். டெசிமலுக்கு எண்ணைக் கொடுக்கும்போது மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுங்கள். டபிளாக (கணினி இரண்டின் அடுக்குகளில் சேமிக்கும் வழமையான எண்) கொடுத்தால் அதிலுள்ள அழுக்கும் கூடவே உள்ளே போய்விடும். எந்த இடத்தில் மட்டந்தட்டுவது, ஒவ்வொரு மூடைக்கா முழு பில்லுக்கா என்பதை நெல் வாங்குபவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். பைதனின் ரவுண்ட் 2.675ஐ இரண்டு தசமத்துக்கு 2.67 ஆக்கும், 0.125ஐ 0.12 ஆக்கும். முதலாவதுக்குக் காரணம் 2.675 என்ற எண் இரண்டின் அடுக்குகளில் சரியாக அடங்காமல் ஒரு துளி குறைவாகச் சேமிக்கப்படுவது. இரண்டாவதுக்குக் காரணம் வேறு: சரி பாதி வந்தால் இரட்டை இலக்கத்துக்குத் தட்டுவது பைதனின் வழக்கம். இரண்டும் கடைக்காரர் கல்குலேட்டரில் போட்டுப் பார்க்கும் கணக்கு அல்ல. அவர் கையில் வருவதும் பில்லில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

0.01 போதும் என்று சொல்பவருக்கு வான்கூவர் பங்குச் சந்தையின் கதையைச் சொல்லுங்கள். 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கிய சுட்டெண் அது. ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் மூன்றாம் தசமத்துக்குப் பின்னுள்ளதை வெட்டியே எறிந்தார்கள். 1983 நவம்பரில் சுட்டெண் 524.811. சரியாகக் கணித்துப் பார்த்தால் 1098.892. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு வெட்டும் 0.001க்கு உள்ளேதான்.

அளவுச்சங்கிலி, அக்கரைப்பற்று

தங்கச்சி, முதலாவது டெஸ்டின் இரண்டு எண்களையும் பார்த்தவுடன் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். 0.00390625. அது சரியாக 256இல் ஒரு பங்கு. பிறகு இரண்டையும் 1024ஆல் பெருக்கினேன். ஒன்று 2071991, மற்றது 2071995. தசமமே இல்லை. இது தற்செயலாக வராது. உங்கள் பரப்பளவு 1024இல் ஒரு பங்கு என்ற படியில்தான் ஏறி இறங்க முடிகிறது, நடுவில் நிற்க இடமில்லை. லப்டொப்புக்கும் சேர்வருக்கும் நாலு படி தூரம்.

ஏன் இவ்வளவு பெரிய படி? இலங்கை 99இன் தொடக்கம் பிதுருதலாகல மலைப்பக்கம். எதிர்க்குறி எண் எங்கும் வராமலிருக்க அந்த இடத்துக்கே கிழக்கு 500000, வடக்கு 500000 என்று கொடுத்திருக்கிறார்கள். அதனால் வவுணதீவு வயலின் மூலை ஒன்று கிழக்கே 598 ஆயிரம் மீற்றர், வடக்கே 577 ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 3.45 × 10¹¹. நாற்பது புள்ளிக்குக் கூட்டினால் 1.38 × 10¹³. டபிளில் ஒரு எண்ணின் இலக்கங்களுக்கு இருப்பது 53 பிட் (0, 1 என்ற இரும இலக்கம்) தான். இந்தப் பருமனில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கிடையே உள்ள இடைவெளி 512இல் ஒரு பங்கு. இரண்டு டொட் பெருக்கத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 1024இல் ஒரு பங்கு. நீங்கள் பத்து இலட்சங் கோடிக் கணக்கான இரண்டு எண்களைக் கழித்து இரண்டாயிரம் எடுக்கிறீர்கள். முன்னிருந்த இலக்கமெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட, மட்டந்தட்டிய வால் மட்டும் மிஞ்சுகிறது.

ஆர்ம் சிப்பில் குற்றம் இல்லை. இப்படியான எண்களின் கணக்குக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தை இரண்டு இயந்திரமும் ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கின்றன. ஒரு கூட்டலை எப்படி மட்டந்தட்டுவது என்று அந்தத் தரம் சொல்லும், நாற்பது பெருக்கத்தை எந்த வரிசையில் கூட்டுவது என்று சொல்லாது. நம்பைக்கு அடியில் ஓடும் நூலகம் சிப்புக்குத் தக்கபடி வரிசையை மாற்றும், இடையில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மட்டந்தட்டலில் முடிக்கும். அப்ராக்ஸின் வழமை 10⁻⁶ விகிதம், அதாவது உங்கள் வயலுக்கு 0.002 சதுர மீற்றர். இரண்டு படி. நாலு படி விலகியதும் கத்திவிட்டது. இவ்வளவு நாளும் பாஸானதற்குக் காரணம், எதிர்பார்த்த எண்ணும் அதே லப்டொப்பில் பிறந்தது. இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரியில்லாமலும் இருக்கலாம்.

ஆகவே டொலரன்ஸுக்கு முன் சூத்திரம். எல்லா மூலையிலிருந்தும் முதல் மூலையைக் கழித்துவிட்டு ஷூலேஸ் போடுங்கள். இவ்வளவு கிட்ட உள்ள இரண்டு டபிளைக் கழித்தால் மட்டந்தட்டலே நடக்காது, விடை துல்லியமாக வரும். அதன் பிறகு நீங்கள் பெருக்குவது 598 ஆயிரத்தை அல்ல, 45 மீற்றரை. பெருக்கங்கள் சில ஆயிரம்தான், அங்கே படி 10⁻¹² அளவு. ஆர்ம் என்றாலும் எதுவென்றாலும் பிறகு விடை பதின்மூன்றாம், பதினாலாம் இலக்கத்தில்தான் ஆடும்.

இப்போது டொலரன்ஸ். நான் நில அளவையிலிருந்து மென்பொருளுக்கு வந்தவன், எனக்கு இதற்கு இரண்டு எல்லைக்கல் வேண்டும். கீழ்க்கல்: கோட் பிழையில்லாமல் இருந்தும் கணக்கு நியாயமாக எவ்வளவு ஆடும். மேல்கல்: இந்த டெஸ்ட் பிடித்தே ஆக வேண்டிய ஆகச் சின்னப் பிழை எவ்வளவு. டொலரன்ஸ் இரண்டுக்கும் நடுவில். டெஸ்ட் பெயிலான அளவைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவது இரண்டு கல்லையும் பார்க்காமல் வேலி போடுவது.

உங்கள் பரப்பளவுக்குக் கீழ்க்கல் எங்கே? எதிர்பார்க்கும் எண்ணைப் பைதனின் ஃப்ராக்ஷனில் கணித்தால், அதாவது சேமித்திருக்கும் அதே டபிள்களைப் பின்னமாக மாற்றி மட்டந்தட்டாமல் கணித்தால், 10⁻¹⁴ அளவில். ஒரு தடவை கணித்து எழுதிவைத்தால் போதும், மெதுவாக ஓடினாலும் கவலையில்லை. மூலைகளைத் தசமத்தில் எழுதிக் கையால் கணித்திருந்தால் அவ்வளவு கேட்க முடியாது. 598012.3 என்று நீங்கள் எழுதியதே சேமிக்கும்போது 10⁻¹⁰ மீற்றர் அளவில் நகர்ந்துவிடும், வயலைச் சுற்றிவர அது சேர்ந்து 10⁻¹¹ விகிதம் வரை போகலாம்.

மேல்கல்? உங்கள் கோட்டில் வரக்கூடிய பிழைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு மூடாமல் விடுவது: பெரிய பிழை, எதுவும் பிடிக்கும். பூமியின் ஆரையை 6378137க்குப் பதில் 6371000 என்று எவரோ போடுவது: பரப்பளவில் 0.22 சதவீதம். ஏக்கருக்கு 4046.8564224க்குப் பதில் 4047 என்று போடுவது: 3.5 × 10⁻⁵. எனக்குத் தெரிந்து வரக்கூடியதில் ஆகச் சின்னது அதுதான். அப்படியென்றால் கீழ்க்கல் 10⁻¹¹, மேல்கல் 3.5 × 10⁻⁵. நடுவில் தாராளமாக இடம். 10⁻⁹ விகிதம் போடுங்கள். பழைய சூத்திரத்தை வைத்துக்கொண்டால் கீழ்க்கல் 10⁻⁵க்குக் கிட்ட ஏறிவிடும். 200 புள்ளி உள்ள வயலென்றால் இரண்டு கல்லும் ஒன்றையொன்று தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் டொலரன்ஸைத் தேடாதீர்கள், கணக்கை மாற்றுங்கள்.

சீனியரின் 0.01க்கு வருகிறேன். 0.01 என்ன? சதுர மீற்றரில் அது ஒரு பாவமும் இல்லை. ஏக்கரில் 1.6 பேர்ச். அரை ஏக்கருக்கு இரண்டு சதவீதம், ஆரைப் பிழை எட்டுத் தடவை உள்ளே போய் வரலாம். ரூபாவில் சரியாக அந்த ஒரு சதம், அதாவது பிடிக்க வேண்டியதையே விட்டுவிடுகிறது. அலகு தெரியாத ஒரே எண்ணை எல்லா டெஸ்டிலும் போடுவது, காவல் பரணில் ஆளில்லாமல் சாரத்தை மட்டும் தொங்கவிட்டு வருவது மாதிரி. யானை இரண்டு இரவு நம்பும்.

ஜிபிஎஸ் பிழை உண்மைதான், வெளிச்சமான வெட்டையில்கூட போன் சில மீற்றர் தவறும். ஆனால் அது வயலில் நடக்கும் பிழை. டெஸ்டுக்குள் ஒருவரும் நடக்கவில்லை, நாற்பது புள்ளியும் எழுதி வைத்த எண்கள். அந்த நாற்பது எண்ணுக்கு ஒரே ஒரு பரப்பளவுதான் உண்டு. ஜிபிஎஸ் எவ்வளவு தவறும் என்பதைத் திரையில் விவசாயிக்குச் சொல்லுங்கள், டெஸ்டில் அதைக் கோட்டுக்குச் சலுகையாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது டெஸ்ட். 2.3283064365386963 × 10⁻¹⁰ என்பது சரியாக 2⁻³². ஆறு இலட்சத்துக்குக் கிட்ட டபிளின் படி 2⁻³³. எனவே இரண்டு படி விலகல். 0வோடு ஒப்பிடும்போது விகிதத்துக்கு அர்த்தமில்லை, 0வின் எத்தனை சதவீதமும் 0தான். இரண்டு எண் கிட்டவா என்று பார்க்கும் பைதனின் ஐஸ்குளோஸில் தனி டொலரன்ஸ் வழமையாக 0, அதனால் 0க்கு எதிரே வேறெதுவும் பாஸாகாது. அப்ராக்ஸ் 10⁻¹² கொடுக்கும், ஆனால் உங்கள் படியே 10⁻¹⁰. படியைவிடச் சின்ன டொலரன்ஸ் என்றால் அது சரிசமன் கேட்பதுதான், பெயர்தான் வேறு. விடை 0 என்றாலும் கூட்டப்பட்டவை ஆறு இலட்சங்கள், டொலரன்ஸை அவற்றின் பருமனிலிருந்து எடுக்க வேண்டும். கீழ்க்கல் 10⁻⁹ மீற்றர். மேல்கல்லுக்கு ஒரு மில்லிமீற்றர் போதாதா? 10⁻⁶ மீற்றர் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. சதுர வயலுக்கு மூலைகளை முழு எண்ணில் எழுதாதீர்கள். முழு எண் மூலைகளின் பெருக்கமும் கூட்டலும் 53 பிட்டுக்குள் அடங்கிவிடும், பழைய சூத்திரமும் துல்லியமான விடை தந்து உங்களை ஏமாற்றும். 598012.3 போல எழுதுங்கள். அதே வயலைத் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தடவை, வவுணதீவில் ஒரு தடவை வைத்து இரண்டு பரப்பளவும் ஒன்றா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றும் எழுதுங்கள். இந்தக் கோளாறை அது முதல் நாளே காட்டியிருக்கும்.

பொத்துவில்காற்று, பொத்துவில்

அளவுச்சங்கிலி அண்ணன் சொன்னதுக்கு மேல நான் போன் பக்கம் மட்டும் சொல்றன். அப்புக்குள்ள எங்கயாவது ஃப்ளோட்32 (டபிளின்ட பாதி இடத்தில சேமிக்கிற எண்) இரிக்கா என்டு தேடிப் பாருங்க. வரைபடம் கீறுற நூலகம் சிலது நம்மட புள்ளிய வாங்கி ஃப்ளோட்டாக்கித் திருப்பித் தரும், பார்த்தாத் தெரியாது.

ஃப்ளோட்32க்கு 24 பிட். நம்மட பக்கம் நெட்டாங்கு 81 பாகை, அது 64க்கும் 128க்கும் நடுவில, படி 2⁻¹⁷ பாகை. நிலத்தில 84 சென்ரிமீற்றர். அகலாங்கு 7 பாகை, 4க்கும் 8க்கும் நடுவில, படி அஞ்சு சென்ரிமீற்றர். அப்ப ஒரே போன்ல கிழக்கு மேற்கா நடந்தா முக்கால் மீற்றருக்கு மேலான தாவல், வடக்கு தெற்கா நடந்தா ஒழுங்கா இரிக்கும். நான் இதப் பார்த்துத் திசைகாட்டிலதான் கோளாறு என்டு நினைச்சுத் திரிஞ்சன். இன்னொரு கூத்து, வாகரைப் பக்கம் போய் 8 பாகையத் தாண்டினா வடக்கு தெற்குப் படி பத்து சென்ரிமீற்றராகிடும். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு துல்லியம்.

இலங்கை 99 எண்ண வச்சு ஃப்ளோட்32ல அந்த ஷூலேஸப் போட்டா இன்னும் சோக்கு. 3.45 × 10¹¹ல படி 32768 சதுர மீற்றர். எட்டு ஏக்கர். அரை ஏக்கர் வயல அதால அளக்க ஏலாது.

வாவிக்கரை, மட்டக்களப்பு

எல்லாருக்கும் நன்றி. முதல் மூலையைக் கழித்துப் பார்த்தேன். லப்டொப்பும் சேர்வரும் கடைசி ஓரிரு இலக்கத்தைத் தவிர ஒன்றாகவே வருகின்றன. ஃப்ராக்ஷனில் எடுத்த எண்ணையே எதிர்பார்த்த பெறுமதியாக வைத்தேன், பழைய இரண்டு விடையும் அதிலிருந்து விலகித்தான் இருந்தன. காசுப் பகுதி டெசிமலுக்குப் போகிறது. மட்டந்தட்டும் இடத்தை நெல் வாங்குபவரிடம் கேட்டோம். முழு பில்லுக்குத்தான் என்றார், மூடைக்கு மூடை தட்டினால் தனக்குக் கணக்கு ஒத்துவராதாம்.

ஏக்கர் டெஸ்டையும் 10⁻⁹ ஆக்கினேன். உடனே ஒன்று பெயில். அறிக்கை அச்சிடும் ஃபைலில் 4047 கிடந்தது! சேர்வர் கோட்டில் மற்ற எல்லா இடத்திலும் 4046.8564224. வித்தியாசம் அரை ஏக்கருக்கு 0.003 பேர்ச்தானே, இதற்காகவா என்று சீனியர் சிரித்தார். அதே வவுணதீவு வயலை அச்சிட்டுக் காட்டினேன். திரையில் "2 றூட் 0.00 பேர்ச்". தாளில் "1 றூட் 40.00 பேர்ச்". சிரிப்பு நின்றது.

இரண்டு கேள்வி மிச்சம். மாறிலியைத் திருத்தினாலும் வேறு வயலுக்கு அந்த 40.00 திரும்ப வராதா? மற்றது, ஆள்கூறு மாற்றும் பகுதிக்கு டெஸ்ட் எழுத ஒரு குறிப்புப் புள்ளியின் அச்சிட்ட ஆள்கூறு கையில் இருக்கிறது, மூன்று தசமம். அதற்கும் 10⁻⁹ போடலாமா?

அளவுச்சங்கிலி, அக்கரைப்பற்று

வரும். 79.997 பேர்ச்சை முதலில் றூட்டாகப் பிரித்து மிச்சத்தைப் பிறகு மட்டந்தட்டினால் 39.997 தான் 40.00 ஆகிறது. வரிசையை மாற்றுங்கள். மொத்தப் பேர்ச்சை நூறால் பெருக்கி, முழு எண்ணாக மட்டந்தட்டி, அதன் பிறகு 4000ஆல் வகுத்து றூட்டைப் பிரியுங்கள். முழு எண்ணில் வகுத்தால் மிச்சம் 4000ஐ எட்டாது. இந்த டெஸ்டுக்கு டொலரன்ஸ் வேண்டாம், அச்சாகும் சொல்லையே ஒப்பிடுங்கள். 79.994, 79.996, 80.000 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

குறிப்புப் புள்ளிக்கு 10⁻⁹ போட முடியாது. மூன்று தசமத்துக்கு அச்சிட்டவர் 0.0005 மீற்றர் வரை தட்டியிருக்கிறார், உங்கள் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்குக் கீழே கேட்க வழியில்லை. 0.001 மீற்றர் என்று தனி டொலரன்ஸ் போடுங்கள். விகிதமாகப் போட்டுவிடாதீர்கள். 598 ஆயிரத்துக்கு 10⁻⁶ என்றாலே 60 சென்ரிமீற்றர் ஆகிவிடும், அந்த 500000 சும்மா சேர்த்த எண் என்பது ஐஸ்குளோஸுக்குத் தெரியாது.

திரைக்காரி, சம்மாந்துறை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் திரைப் பக்கம் வேலை செய்பவள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் ஓட்டும் ஜெஸ்டில், கிட்டவா என்று பார்க்கும் டுபிகுளோஸ்டு என்று எழுதிவிட்டு எண் கொடுக்காமல் விட்டால் இரண்டு தசமம் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 0.005க்கு உள்ளே இருந்தால் பாஸ். ஏக்கரில் அது 0.8 பேர்ச். வாவிக்கரை, உங்கள் அப்பின் திரைப் பகுதியிலும் ஏக்கர் கணக்கு இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். அந்த 4047க்கு அங்கே ஒரு அண்ணன் தம்பி இருக்கலாம்.

நம்பை பாவிப்பவர்களுக்கும் ஒன்று. எண் வரிசைகளை ஒப்பிடும் ஆல்குளோஸும் அசெர்ட் ஆல்குளோஸும் ஒன்றென்று நினைத்திருந்தேன். முதலாவதில் விகிதம் 10⁻⁵, அதோடு தனியாக 10⁻⁸ சேர்த்துக் கூட்டும். இரண்டாவதில் விகிதம் 10⁻⁷, தனி 0. விகிதத்தை இரண்டும் இரண்டாவதாகக் கொடுக்கும் எண்ணிலிருந்துதான் எடுக்கும், இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லையில் விடை மாறலாம். பைதனின் ஐஸ்குளோஸ் இரண்டில் பெரியதை எடுக்கும், அதில் அந்தத் தொல்லை இல்லை.

வாவிக்கரை, மட்டக்களப்பு

திரைக்காரி, இருந்தது. 4047 இல்லை, 4046.86. இப்போது மாறிலி ஒரே ஃபைலில்தான், மற்ற எல்லாரும் அங்கிருந்து எடுக்கிறார்கள். பொத்துவில்காற்று, ஃப்ளோட்டைப் பற்றி எங்கள் போன் பக்கம் பார்ப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். வாகரை வயல் ஒன்றையும் டெஸ்டில் சேர்க்கிறோம்.